கேட்டு வாங்கிய மௌனம்

நாற்பது உள்செவிகளும் ஒரே பதிலைத்தான் அனுப்பின. நூலகம் காணவில்லை.

செண்பகவடிவு திரையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். நாற்பது வரிகள். ஒரு எழுத்துகூட மாறவில்லை. பாளையங்கோட்டை செவி மையத்தின் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நாற்பது பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பிறவியிலேயே காது கேளாதவர்கள். ஒவ்வொருவருக்கும் வலது காதின் பின்னால், எலும்பில் சின்னதாகக் குழி எடுத்து, அவரை விதை அளவில் ஒரு கணினி வைத்திருந்தது. அதற்குத்தான் உள்செவி என்று பெயர். வடிவுக்கும் ஒன்று இருந்தது. ஆறு வயதில் வைத்தது. இப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது, அந்த மையத்தின் தலைமைப் பொறியாளர்.

"என்ன சொல்லுது?" என்றார் டெல்பின் பர்னாந்து.

அவர் வானிலை ஆய்வாளர். கடலும் காற்றும் எப்படி நகரும் என்று சொல்லும் 'கடல் நூலகம்' என்ற தன் பத்து வருஷ உழைப்பை ஒரு சில்லில் ஏற்றி, அதைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு, அன்று காலைதான் தூத்துக்குடியிலிருந்து போலீஸ் ஜீப்பில் வந்து இறங்கியிருந்தார்.

பதினொரு நாளைக்கு முன்பு சூரியனிலிருந்து ஒரு காந்தப் புயல் வீசியது. மின்மாற்றிகள் வரிசையாக எரிந்தன. பெரிய கணினிக் கூடங்கள் இருண்டுபோயின. செயற்கைக்கோள்கள் பேச்சை நிறுத்தின. எல்லோர் கையிலும் கைபேசி இருந்தது, ஆனால் அந்தக் காலத்துக் கைபேசி வெறும் கண்ணாடி. அதற்கான கணக்கெல்லாம் எங்கோ தொலைவில்தான் நடக்கும், அந்த எங்கோ இப்போது இல்லை. உள்செவி மட்டும் வேறு ரகம். ரோட்டைக் கடக்கிறவர் லாரி ஹாரனைக் கேட்பதற்கு, எங்கோ இருக்கிற கணினியின் பதிலுக்காகக் காத்திருக்க முடியாது. அதனால் உள்செவி தன் கணக்கைத் தானே போட வேண்டும் என்பது சட்டம். நாலு தென்மாவட்டங்களிலும் உயிரோடு மிஞ்சிய பெரிய கணினி என்றால் அது நாலாயிரத்துச் சொச்சம் பேரின் காதுக்குப் பின்னால் துண்டு துண்டாகக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்துக் கடலில் நிஜப் புயல் ஒன்று உருவாகியிருந்தது. வானத்திலிருந்து பார்த்துச் சொல்ல எதுவும் இல்லை. துறைமுகங்களிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சில கப்பல்களிலிருந்தும் காற்றழுத்த அளவுகள் மட்டும் வானொலியில் வந்துகொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கரையைத் தொடும் என்பது வரை டெல்பினுக்குத் தெரியும். எங்கே என்று தெரியவில்லை. பாம்பனிலிருந்து கன்னியாகுமரி வரை நீளமான கரை. கையிருப்பு டீசலில் அறுபதாயிரம் பேரை நகர்த்தலாம். ஏதாவது ஒரு பகுதியைத்தான் காலி செய்ய முடியும். எந்தப் பகுதி என்று சொல்வதற்குக் கணக்குப் போட வேண்டும். அன்று திங்கட்கிழமை.

"வேலைய நாப்பது துண்டாப் பிரிச்சு நாப்பது பேருக்கும் அனுப்பியாச்சு" என்றாள் வடிவு. "வேல எல்லாத்துக்கும் போய்ச் சேந்துட்டு. ஆனா அந்த வேலையச் செய்ய உங்க கடல் நூலகம் வேணும்லா? அது நம்ம மேஜையில இருக்கிற இந்தத் தலைமைக் கணினியில மட்டுந்தான் இருக்கு. கல்யாண வீட்டில நாப்பது சமையக்காரங்களுக்கும் சாம்பார் வைன்னு சீட்டு குடுத்துட்டோம். சாம்பார்ப்பொடி டப்பா நம்ம வீட்டு அலமாரியில இருக்கு."

"வேணுங்கிறப்ப இங்ஙன வந்து கேட்டு வாங்கிட்டுப் போகட்டுமே."

"ஒவ்வொரு கரண்டிக்கும் ஒருதரம் வீட்டுக்கு ஓடி வந்தா பந்தி என்னைக்கு முடியும்? கணக்கு முடிய ஒரு மாசம் ஆகும், டாக்டர். நூலகம் முழுசா ஒவ்வொரு காதுக்குள்ளயும் இருக்கணும்."

"அப்ப ஏத்துங்க."

வடிவு எழுந்தாள். அந்த நாற்பது பேருக்கும் நன்றி சொல்லி வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"இடம் இல்ல" என்றாள். "உள்செவிக்குள்ள பெரிசா ரெண்டே ரெண்டுதான் இருக்கு. ஒண்ணு ஒலி நூலகம். அத எடுத்துட்டா ஒண்ணும் கேக்காது. ஆனா அது பரவாயில்ல, இங்க அதுக்குப் பிரதி இருக்கு, மறுபடி ஏத்திக்கிடலாம். இன்னொண்ணு பழக்கம்."

"பழக்கம்னா?"

"வச்சுக்கிட்ட நாள்லேருந்து அது எங்க கூடவே இருந்து கத்துக்கிட்டது. எங்க வீட்டுக்காரர் ஜலதோஷத்தோட பேசுனாலும், பஸ் இரைச்சல்ல பேசுனாலும், அது அவர் குரலாவே எனக்குக் கேக்கும். பதினெட்டு வருஷப் பழக்கம். அது ஆளுக்கு ஆள் வேற. அதோட பிரதியெல்லாம் வடக்க ஒரு பெரிய கூடத்தில இருந்துது. அது எரிஞ்சு போச்சு. இந்த மையத்து மெஷின்ல அம்பது பேரோடதை வைக்கக்கூட இடம் பத்தாது."

டெல்பின் கொஞ்ச நேரம் தன் முந்தானை முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தார். "ரெண்டையும் எடுக்கணுமா?"

"ரெண்டையும் எடுத்தாத்தான் உங்க நூலகம் உக்காரும். அளந்து பாத்துட்டேன்."

"எத்தன பேரு வேணும்?"

"ரெண்டாயிரத்து ஐந்நூறுக்குக் கொறையாம இருந்தா ஒரு பகல்ல முடியும். எல்லாரும் ஒரே இடத்தில இருக்கணும். ஒரு உள்செவி பேசுனா அடுத்ததுக்கு முப்பது மீட்டர்தான் கேக்கும்."

அன்று மதியம் கலெக்டர் இளம்பரிதி மையத்துக்கு வந்தார். முப்பத்து நாலு வயது. பதினொரு நாளாகச் சரியாகத் தூங்காத கண்கள். இருவரும் சொன்னதை நின்றபடியே கேட்டார்.

"பொதுச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?" என்றார். எந்த உள்செவியையும் அதை வைத்திருப்பவருக்குத் தெரியாமலே திறந்து மாற்றக்கூடிய ஒரு சொல் மையத்தில் இருந்தது. பழுது பார்ப்பதற்காக வைத்தது.

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன? போலீஸை அனுப்பறேன். பரிசோதனைன்னு சொல்லிக் கூட்டிட்டு வரட்டும். ஏத்திடுங்க. அப்புறமா விளக்கிச் சொல்லிக்கலாம்."

"கேக்காம முடியாது சார்."

"மேடம், கேட்டா பாதிப் பேர் வர மாட்டாங்க. அறுபதாயிரம் உயிர்."

"எனக்கு இத ஆறு வயசில வச்சாங்க" என்றாள் வடிவு. "நல்லதுக்குத்தான் வச்சாங்க. ஆனா என்கிட்ட யாரும் ஒரு வார்த்த கேக்கல. எங்கள்ல ஒருத்தர்கிட்டயும் கேக்கல. வைக்கும்போதுதான் கேக்கல, எடுக்கும்போதாவது கேக்கணும்லா?"

கலெக்டர் டெல்பினைப் பார்த்தார். தன் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பார்.

"இந்தம்மா பேசுறது செரிதான்" என்றார் டெல்பின். "புதன்கிழம காலையில ஏழு மணிக்கு ஆரம்பிச்சாப் போதும். நாளைக்கு ஒரு நாள் பூராக் கேக்கலாம்."

கேட்பது என்று முடிவான பிறகுதான் வடிவுக்கு அடுத்த பயம் வந்தது. உள்செவிக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் குழந்தையிலேயே அதை வைத்துக்கொண்டவர்கள். சைகைமொழி தெரியாதவர்கள். அவளுக்கும் தெரியாது. மூவாயிரம் பேர் ஒரு மைதானத்தில் ஒரே நேரத்தில் செவிடாகிப்போனால், யாருக்குத் தலை சுற்றுகிறது, யாருக்குத் தண்ணீர் வேண்டும், யார் எழுந்திருக்கக் கூடாது என்று எப்படிச் சொல்வது? அதைத் தெரிந்தவர்கள் ஊரில் இருந்தார்கள். அவர்களிடம் போய்க் கேட்பதற்குத்தான் அவளுக்குக் கால் எழவில்லை.

மேலப்பாளையம் ரோட்டில் இசக்கியப்பனுடைய வெல்டிங் பட்டறை இருந்தது. அறுபது வயது. காது கேளாதோர் சங்கத்தின் தலைவர். உள்செவி வேண்டாம் என்று கடைசிவரை மறுத்த இருநூறு முந்நூறு பேரில் அவரும் ஒருவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பள்ளிக்கூடங்களில் சைகை வகுப்பை நிறுத்தாதீர்கள் என்று மனு எடுத்துக்கொண்டு மையத்துக்கு வந்திருந்தார். மனுவை வாங்கிப் படித்துவிட்டு, அதன் கீழேயே வடிவு எழுதிக் கொடுத்தாள். 'இனி இது யாருக்கும் தேவைப்படாது.' அவர் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

பட்டறையில் மின்சாரம் இல்லாததால் வேலை இல்லை. இசக்கியப்பன் ஒரு பழைய இரும்புக் கேட்டுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். வடிவைப் பார்த்ததும் யார் என்று அடையாளம் தெரிந்துகொண்டார். சுவரில் சாய்த்திருந்த இரும்புத் தகட்டைக் காட்டி, ஒரு சாக்கட்டியை அவள் கையில் கொடுத்தார்.

அவள் எல்லாவற்றையும் எழுதினாள். தகடு நிறைய எழுதி, துணியால் துடைத்து, மறுபடியும் எழுதினாள். புயல், நூலகம், இடம், பழக்கம், மௌனம். கடைசியில், 'அன்றைக்கு நான் எழுதியது தப்பு' என்று எழுதிவிட்டுச் சாக்கட்டியைக் கீழே வைத்தாள்.

இசக்கியப்பன் கடைசி வரியை மட்டும் உள்ளங்கையால் அழித்தார். அதே இடத்தில் எழுதினார்.

'எத்தனை பேருக்கு எங்கள் ஆள் ஒருவர் வேண்டும்?'

'பத்துப் பேருக்கு ஒருவர்.'

'இருநூற்று எண்பது பேரைக் கொண்டுவருகிறேன். அன்று மைதானத்தில் எங்கள் கை சொல்வதுதான் பேச்சு. கலெக்டர் வந்தாலும்.'

அவள் தலையாட்டினாள். அவர் இன்னொரு வரி எழுதினார். 'நீங்களும் செவியைக் கொடுக்கிறீர்களா?'

'முதல் ஆள் நான்.'

அவர் சாக்கட்டிப் பொடி படிந்த கையை நீட்டினார்.

திங்கள் மாலையே சங்கத்து ஆட்கள் சைக்கிளில் கிளம்பினார்கள். வெளியூர்களுக்குப் போலீஸ் வயர்லெஸ்ஸில் செய்தி போயிற்று. வடிவு எழுதிய சீட்டில் இவ்வளவுதான் இருந்தது: 'புயல் எங்கே வரும் என்று கணக்கிட உங்கள் உள்செவி வேண்டும். சில நாள் எதுவும் கேட்காது. அப்புறம் கேட்கும், ஆனால் உங்கள் வீட்டார் குரல் பழையபடி கேட்க ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகலாம். சம்மதம் என்றால் புதன்கிழமை காலை ஆறு மணிக்குப் பாளையங்கோட்டை மைதானத்துக்கு வாருங்கள். வராதவர்களிடம் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.'

வடிவின் கணவர் நம்பிராஜன் அரசு பஸ் டிரைவர். செவ்வாய்க்கிழமை முழுவதும் அவர் தென்காசிக்கும் கோவில்பட்டிக்குமாக ஓட்டினார். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், சீட்டைப் படித்துவிட்டு வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நான் பேசுனா ஒனக்கு என்ன மாதிரி கேக்கும்?"

"தகர டப்பாவில சில்லறயப் போட்டுக் குலுக்குன மாதிரின்னு சொல்லுவாங்க."

"பழகிருமா?"

"பழகும். பக்கத்தில உக்காந்து பேசிக்கிட்டே இருக்கணும். ஒரு ஆளுக்கு நாப்பது மணி நேரமாவது."

"நான் எந்தக் காலத்தில நாப்பது மணி நேரம் பேசிருக்கேன்?" என்றார் நம்பிராஜன். அதற்கு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நானே ஒன்னயக் கொண்டுபோய் விடுதேன்" என்றார்.

புதன்கிழமை காலை ஐந்தரை மணிக்கு மைதானத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி வரிசை நின்றது. வடிவு பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அப்படியே நின்றுவிட்டாள். வரிசை தெருமுனை திரும்பி, அதற்கு அப்பாலும் போயிற்று. மாட்டு டாக்டர் ஒருவர், பூக்கடைக்காரப் பெண்கள், கல்லூரிப் பையன்கள், நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை பார்ப்பவர், கடையநல்லூரிலிருந்து ஒரே வேனில் வந்த ஒன்பது பேர் கொண்ட குடும்பம். பாட்டு வாத்திச்சி ரஹ்மத் நிஷாவும் வந்திருந்தாள். பிறவிச் செவிடாக இருந்து பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு வந்தவள் என்று பேப்பரில் படம் போட்ட பெண்.

"நீ எதுக்கும்மா வந்தே?" என்று வடிவு கேட்டுவிட்டாள்.

"அப்படிப் பாத்தா எல்லாருக்கும் இழக்கறதுக்கு ஒண்ணு இருக்கும்க்கா" என்றாள் ரஹ்மத் நிஷா.

எல்லோரும் உள்ளே வரவில்லை. கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி வாசல் வரை வந்து, குழந்தை சிணுங்கியதும் அப்படியே நின்றாள். "ராத்திரி இவ அழுதா நான் எந்திரிக்கணும்" என்றாள். இசக்கியப்பன் அவளுக்கு வழிவிட்டு, ஒரு ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டு ஏற்றிவிட்டார். அப்படித் திரும்பிப் போனவர்களை யாரும் ஏறிட்டுப் பார்க்காதபடி, சங்கத்து ஆட்கள் பக்கவாட்டில் இன்னொரு வாசலைத் திறந்துவைத்திருந்தார்கள். அதை யார் யோசித்தது என்று வடிவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

உள்ளே சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தது. ஐம்பத்து நாலு வரிசை, வரிசைக்கு ஐம்பத்து நாலு பேர். கடைசி வரிசையில் இரண்டே இரண்டு இடம் காலி. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு பேர் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். சைகைக்காரர்கள் முதலில் ஆறு சைகைகளை எல்லோருக்கும் பழக்கிக் கொடுத்தார்கள். தண்ணீர், வலி, தலைசுற்றல், கக்கூஸ், உட்கார், முடிந்தது. மூவாயிரம் பேரும் கையைத் தூக்கி 'முடிந்தது' என்று செய்து பார்த்தபோது சிலர் சிரித்தார்கள்.

ஏழு மணிக்கு வடிவு மேடையில் நின்று, எல்லோரும் பார்க்க, தன் உள்செவியைத் தானே திறந்தாள். கடைசியாகக் கேட்டது சுவருக்கு வெளியே நம்பிராஜன் பஸ்ஸைக் கிளப்பும் சத்தம். அது பாதியில் அறுந்தது.

ஆறு வயதுக்கு அப்புறம் அவள் அந்த மௌனத்துக்குள் போனதில்லை. பயந்துபோவோம் என்று நினைத்திருந்தாள். பயமாக இல்லை. எல்லாம் கொஞ்சம் தள்ளிப்போனது போல இருந்தது. டெல்பினின் உதடு அசைந்தது. பிறகு அவரே தலையில் அடித்துக்கொண்டு தாளில் எழுதிக் காட்டினார்: 'ஏறிவிட்டதா?' வடிவு திரையைப் பார்த்தாள். முதல் வேலையாளிடமிருந்து, அதாவது அவள் தலையிலிருந்தே, பதில் வந்திருந்தது. நூலகம் கிடைத்தது.

அப்புறம் வரிசை வரிசையாக அது பரவியது. ஒரு செவி தனக்குக் கிடைத்ததை அடுத்த செவிக்குக் கொடுத்தது. நூலகம் ஏறிய வரிசையில் முகங்கள் ஒரு நொடி மாறும், கைகள் தானாகக் காதுக்குப் போகும். உடனே ஒரு சைகைக்காரர் அவர்கள் முன்னால் வந்து நின்று கண்ணைப் பார்ப்பார். எட்டே காலுக்கு ஐம்பத்து நாலாவது வரிசையும் மௌனத்துக்குள் போயிற்று. திரையில் கணக்கு ஓடத் தொடங்கியது.

மைதானத்தில் அத்தனை பேர் இருந்தும் அப்படி ஒரு அமைதியைத் தான் பார்த்ததே இல்லை என்று டெல்பின் பின்னால் சொன்னார். தூறல் விழுந்தது. உள்செவிகள் கணக்குப் போட்டுச் சூடாகின. காதுக்குப் பின்னால் தோல் சிவந்தது. சங்கத்து ஆட்கள் வாளிகளோடு ஓடி ஓடி ஈரத்துண்டை வைத்தார்கள். பதினொரு மணி வாக்கில் ஒருவர் வாந்தி எடுத்து மயங்கினார். அவரைத் தூக்கிக்கொண்டு போனதும், அவர் போட்ட பாதிக் கணக்கை வடிவு பக்கத்திலிருந்தவருக்கு மாற்றிக் கொடுத்தாள். அப்படி மாலைக்குள் பத்தொன்பது பேரை வெளியே கொண்டுபோக வேண்டியதாயிற்று. மற்றவர்கள் இடத்தைவிட்டு அசையவில்லை. மத்தியானம் கலெக்டர் வந்து ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். இசக்கியப்பன் அதை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவர் கையில் ஒரு வாளியைக் கொடுத்தார். கலெக்டர் அன்று மூன்றாவது வரிசையிலிருந்து ஒன்பதாவது வரிசை வரை துண்டு நனைத்து வைத்தார்.

நாலு இருபதுக்கு விடை வந்தது.

டெல்பின் அதை மூன்று தடவை சரிபார்த்தார். புயல் தூத்துக்குடியை நோக்கி வருவது போல வந்து, வியாழக்கிழமை நள்ளிரவுக்குப் பிறகு தெற்கே வளைந்து, மணப்பாட்டுக்கும் கூத்தங்குழிக்கும் நடுவே கரையேறும்.

"எல்லாரும் தூத்துக்குடின்னு சொல்றாங்க" என்றார் கலெக்டர். "அழுத்தம் அங்கேதானே இறங்குது? இதை நம்பி நான் ஒரு நகரத்தையே விடணுமா?"

"என் வீடு தூத்துக்குடியில கடற்கரைய ஒட்டி இருக்கு சார்" என்றார் டெல்பின். "எங்க அம்மா அங்ஙனதான் இருக்காங்க. நான் அவங்களக் கூட்டிட்டு வர ஆள் அனுப்பல."

கலெக்டர் வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தார். டீசல் எல்லாம் தெற்கே போயிற்று. நம்பிராஜன் உட்பட நானூறு டிரைவர்கள் அன்றிரவும் மறுநாள் பகலும் ஸ்டியரிங்கை விடவில்லை.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்னால் புயல் உவரிக்கு அருகே ஏறியது. கடல் ஒரு பனை உயரத்துக்கு எழும்பி ஊருக்குள் வந்தது. ஐம்பத்தெட்டாயிரம் பேர் வள்ளியூரிலும் நாங்குநேரியிலும் பள்ளிக்கூடங்களில் உட்கார்ந்திருந்தார்கள். வர மாட்டேன் என்று படகைக் காத்துக்கொண்டு தங்கிவிட்ட ஏழு பேர் செத்துப்போனார்கள். தூத்துக்குடியில் கொஞ்சம் ஓடு பறந்தது, அவ்வளவுதான். ஏழு என்ற எண்ணைச் சொல்லிவிட்டு டெல்பின் அழுதார். ஒலி நூலகத்தைத் திரும்ப ஏற்றிக்கொள்ளக் காத்திருந்த உள்செவிக்காரர்களுக்கு அது எழுதிக் காட்டப்பட்டது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருவர் 'முடிந்தது' என்று கையைத் தூக்கினார். எல்லாக் கைகளும் எழுந்தன. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எல்லோருடைய முதுகும் நிமிர்ந்திருந்தது.

ஒலி நூலகத்தைத் திரும்ப ஏற்ற நாலு நாள் பிடித்தது. வடிவு தனக்குக் கடைசியாகத்தான் ஏற்றிக்கொண்டாள். நம்பிராஜன் எதிரே வந்து உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, ஏதோ சொன்னார். தகரம் குலுங்கியது. அவள் புரிந்தது போலத் தலையாட்டினாள். அவர் முகம் வாடியதும், தப்பான இடத்தில் தலையாட்டிவிட்டோம் என்று தெரிந்தது. அன்றைக்கு மட்டும் அவள் குளியலறையில் கொஞ்சம் அழுதாள்.

ஒவ்வொரு வீட்டிலும் இப்படித்தான் இருந்தது. பேசிப் பேசித்தான் பழக்க வேண்டும், ஆனால் புயல் முடிந்த ஊரில் உட்கார்ந்து பேச யாருக்கு நேரம்? பத்து நாள் கழித்து மூன்று லாரிகள் மையத்தின் வாசலில் வந்து நின்றன. உவரிப் பக்கத்து ஆட்கள். ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண் முதலில் குதித்து இறங்கினாள். பெயர் கித்தேரியம்மாள், மீன் ஏலம் விடுகிறவள். டெல்பினிடம் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார்கள்.

"வீடு இல்ல, படகு இல்ல, எங்களுக்கு இப்ப வேலையுமில்ல" என்றாள். "ஆனா எங்க ஊர்ல பேசாம இருக்கத் தெரிஞ்ச ஆளு ஒருத்தருமே கெடையாது. யாரு பக்கத்தில உக்காந்து பேசணும், சொல்லுங்க."

அவள் சொன்னதை வாசல் காவலர் எழுதிக் காட்டித்தான் வடிவு தெரிந்துகொண்டாள். மறுநாளிலிருந்து மையத்துக் கூடத்திலும் மரத்தடியிலும் மைதானத்திலும் ஒரே பேச்சு. மீன் விலை, மாமியார் சண்டை, எந்தக் காற்றில் எந்த மீன் ஏறும், எந்தச் சாமியார் நல்லவர். ரஹ்மத் நிஷாவுக்கு ஒரு கிழவர், வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டை விடாமல் பாடினார். அவருக்குச் சுருதி சேரவில்லை என்று மூன்றாவது வாரத்தில் அவள் கண்டுபிடித்துச் சொன்னாள். அவர் கோபித்துக்கொள்ளாமல் அதை ஊர் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தார். வடிவுக்குக் கித்தேரியம்மாள். முதலில் தகரம், அப்புறம் மணல், ஒருநாள் காலையில் திடீரென்று தெளிவான, கரகரப்பான ஒரு பெண் குரல். சந்தையில் நின்று கூவிக் கூவி உடைந்த குரல்.

இரண்டு மாதம் கழித்துக் கலெக்டர் இளம்பரிதி வந்தார். கையில் அரசாங்கக் கடிதம். வடிவு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் கித்தேரியம்மாள் பேசிக்கொண்டிருந்தாள். கலெக்டரின் குரல் அவள் உள்செவிக்கு இன்னும் பழகாததால், அவர் சொன்னது வடிவுக்கு விளங்கவில்லை. கித்தேரியம்மாளைப் பார்த்தாள்.

"ஒங்க எல்லாருக்கும் பாராட்டாம்" என்று கித்தேரியம்மாள் தன் குரலில் திருப்பிச் சொன்னாள். "கோட்டையில கூட்டம் போட்டுப் பேசுனாங்களாம்."

"சந்தோசம்னு சொல்லுங்க."

கலெக்டர் மறுபடியும் படித்தார். கித்தேரியம்மாள் கேட்டுக்கொண்டே வந்தவள் பாதியில் முகத்தைச் சுளித்தாள். "இனிமே இப்படி ஆபத்து வந்தா நேரத்த வீணாக்கக் கூடாதாம். பொதுச் சாவிய வச்சு, யாரையும் கேக்காமலே ஏத்திக்கிடலாம்னு உத்தரவாம்." பிறகு தானாகவே கலெக்டர் பக்கம் திரும்பி, "இது என்ன உத்தரவு ஐயா?" என்றாள்.

கலெக்டர் கடிதத்தை மேஜையில் வைத்தார். அந்த உத்தரவு அவருக்கும் பிடிக்கவில்லை என்று வடிவுக்குப் பட்டது.

"பொதுச் சாவி இப்ப இல்ல சார்" என்றாள் வடிவு.

"இல்லையா?" அந்தக் கேள்வி அவர் முகத்திலேயே தெரிந்தது.

"திரும்ப ஏத்துனோம்லா, அந்த நாலு நாள்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு தாளக் குடுத்து, ஒங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு சொல்ல வச்சுக்கிடுங்கன்னு சொல்லிட்டோம். அவங்களே கையால போட்டுப் பூட்டிட்டாங்க. மைதானத்துக்கு வராதவங்களும் வந்து பூட்டிட்டுப் போனாங்க. பழைய சாவிய நான் அழிச்சுட்டேன். இனி அவங்கவங்க காத அவங்கவங்கதான் தொறக்கணும்."

கலெக்டர் மேஜையிலிருந்த கடிதத்தை எடுத்து மடித்தார். அப்புறம் மெதுவாக ஒன்று கேட்டார். கித்தேரியம்மாள் அதைத் திருப்பினாள்.

"அடுத்த தடவ கேட்டு, அவங்க மறுத்துட்டா என்ன செய்வீங்கன்னு கேக்காரு."

வடிவு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இந்தத் தடவ கேட்டோம். வந்தாங்கள்லா?"

"வந்தாங்கள்லான்னு கேக்காங்க" என்று கித்தேரியம்மாள் அதையும் ஒருமுறை கலெக்டருக்குச் சத்தமாகச் சொன்னாள், அவருக்குக் காது நன்றாகவே கேட்கும் என்றாலும்.